பாய்மரத்திலே ஒரு கண்

எமது ஊரிலே பனி என்றால் அது மார்கழி, தை மாதங்களில் வரும் காலைப் பனியே. விடியற்போதில் வயல்வெளியின் மீது வெண்துகில் விரித்தாற்போலப் படிந்திருக்கும். சூரியன் பனைமரத்தின் பாதியளவு உயருமுன் மறைந்துவிடும். சிறுவர்க்கு அது வேடிக்கை. முதியோர்க்குத் தடிமன் பிடிக்குமே என்ற கவலை. அதற்கு மேல் அதனைப்பற்றி நாம் எண்ணியதில்லை. பனி ஓர் உயிரைக் கொள்ளவும் வல்லது என்பதை, நாற்பது வயதைக் கடந்த பின்னர், கனடாவிலுள்ள ஒன்ராறியோ ஏரியிலேதான் உணர்ந்தோம்.

ஏரி என்றவுடன் எமது நாட்டுக் குளங்களை நினைத்துக்கொள்ளுதல் கூடாது. அது ஏறக்குறைய 310 கிலோமீற்றர் நீளமும் 85 கிலோமீற்றர் அகலமும் உடையது. அலையும் புயலும் அங்கே உண்டு; உப்பு ஒன்றுதான் இல்லை. 1959 ஆம் ஆண்டில் சென் லோறன்ஸ் கடல்வழி திறக்கப்பட்ட பின்னர், பெரிய சமுத்திரக் கப்பல்களும் அதனுள் வந்து போகின்றன. தானியமும் இரும்புத்தாதும் ஏற்றிய 225 மீற்றர் நீளமான கப்பல்களை அங்கே காணலாம். வசந்தகாலத்திலும் முதுவேனிலின் தொடக்கத்திலும், இன்னும் குளிர் மாறாத அந்நீரின் மேல் வெப்பமான ஈரக்காற்று வந்து படியும்போது, நீராவி ஒடுங்கி மூடுபனியாகின்றது. அது வெயிலைக் கண்டு உடனே விலகும் பனியன்று. நண்பகலிலும் அசையாது கிடக்கும்.

ரொறன்ரோ மாநகரிலே எமது மனைவியின் தம்பி பல ஆண்டுகளாக வாழ்ந்து வருகின்றார். அவரிடம் ஒரு பாய்வள்ளம் உண்டு. 9 மீற்றர் நீளம், பைபர்கிளாஸ் உடல், ஒற்றைப் பாய்மரம், காற்று இல்லாத வேளைக்கு ஒரு சிறிய டீசல் எஞ்சின். பழைய வள்ளமொன்றைக் குறைந்த விலைக்கு வாங்கித் தம் கையாலேயே செப்பனிட்டுக்கொண்டார். “இத்தனை பணமும் பொழுதும் இதற்கு ஏன்?” என்று கேட்பவர்க்கு அவர் கூறும் விடை ஒன்றே: “அம்மாவின் ஊர் எது என்று கேளுங்கள்.” மாமி பிறந்த ஊர் வல்வெட்டித்துறை. அங்கே கட்டப்பெற்ற ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பல், 1938 ஆம் ஆண்டில் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்த வரலாற்றை எம்மவர் பலரும் அறிவர். அக்கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு நீரைக் கண்டால் கால் நிலத்தில் நிற்பதில்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், மாமியை அவர் மகனிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொருட்டு, மூன்று மாத லீவு பெற்று அங்கே சென்றிருந்தோம். ஏப்பிரல் மாதத் தொடக்கம். போய்ச் சேர்ந்த இரண்டாம் நாள் இரவுச் சாப்பாட்டின்போது, மைத்துனரின் பதின்மூன்று வயது மகள் பேச்சோடு பேச்சாக ஒன்றைச் சொல்லிவிட்டாள்.

“அப்பம்மா, போன வருஷம் ஒரு கப்பல் எங்களை இடிக்கப் பார்த்தது.”

மேசையிலே பேச்சு நின்றுவிட்டது.

நடந்தது இதுதான். முந்திய ஆண்டு யூன் மாதத்தில், தந்தையும் மகளும் ஏரியின் தென்கரையிலுள்ள போர்ட் டல்ஹூசி என்னும் துறையிலிருந்து ரொறன்ரோவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தனர். ஏறக்குறைய 50 கிலோமீற்றர் வழி. வெலண்ட் கால்வாய்க்கும் ஹமில்ற்றன் துறைமுகத்துக்கும் இடையே ஓடும் கப்பல்கள் அவ்வழியைக் குறுக்கிடுவன. நடு ஏரியிலே மூடுபனி கவிந்தது. எங்கோ ஓர் ஊதல் கேட்டது. எத்திசை என்று தெரியவில்லை. அடுத்த முறை கேட்டபோது அது வானத்திலிருந்து வருவதுபோல் இருந்தது. பின்னர் பனி கறுத்தது. கறுத்த பனி இரும்புச் சுவராயிற்று. அச்சுவர் அவர்கள் கண்முன்னே கடந்து சென்றது. அது எழுப்பிய அலையிலே வள்ளம் நெற்றுத் தேங்காய் போல் ஆடியது. கப்பலில் இருந்தவர்கள் அவர்களைக் கண்டதாகவே தெரியவில்லை.

வள்ளத்தை விற்கச் சொல்வார்களே என்ற அச்சத்தினால் மைத்துனர் இதனை வீட்டில் எவருக்கும் சொல்லவில்லை. பிள்ளையும் ஏறக்குறைய ஓராண்டுக் காலம் அதனை மனத்துள் வைத்திருந்தாள்; பாட்டியைக் கண்டதும் வாய் திறந்துவிட்டது. மைத்துனரின் மனைவி ஒன்றும் பேசாது எழுந்து சமையலறைக்குள் சென்றுவிட்டார். மாமி மாத்திரம் நிதானமாகச் சொன்னார்: “தண்ணீரில் போகாதே என்று நான் சொல்லமாட்டேன். கண் தெரியாமற் பிள்ளையைக் கொண்டு போகாதே.”

ஆகவே ஒன்றில் வள்ளத்தை விற்கவேண்டும், அன்றேல் அதற்கு ஒரு கண் வைக்கவேண்டும் என்றாயிற்று. மைத்துனர் கண் வைப்பதையே தெரிந்துகொண்டார். ஒரு வாரத்துள் சிறிய ராடார் கருவி ஒன்று வீட்டுக்கு வந்து சேர்ந்தது. “அத்தான், நீங்கள் பௌதிகவியல் படிப்பிப்பவர். இதைப் பூட்டுவதற்கு நீங்கள்தான் உதவ வேண்டும்” என்றார். நாம் இருபது ஆண்டுகளாகக் கல்லூரியில் மின்காந்த அலைகளைப்பற்றிப் படிப்பித்து வருகின்றோம். கரும்பலகையில் எத்தனையோ முறை ராடாரை வரைந்திருக்கின்றோம். ஆயினும் ஒரு ராடாரைக் கையால் தொட்டதில்லை. இந்த உண்மையை அப்பொழுது மைத்துனரிடம் சொல்லவில்லை என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ளுகின்றோம்.

ராடாரின் தத்துவம் எளியது. மலையை நோக்கிக் கூவுபவன், எதிரொலி திரும்பிவரும் நேரத்தைக்கொண்டு மலையின் தூரத்தை மதிப்பிடலாமன்றோ? அவ்வாறே இக்கருவியும் வானொலிச் சிற்றலைகளைத் துடிப்புத் துடிப்பாக அனுப்பிவிட்டுச் செவிசாய்த்திருக்கின்றது. அலை செக்கனுக்கு 3 இலட்சம் கிலோமீற்றர் வேகத்திற் செல்வது. ஒரு கடல்மைல், அதாவது 1852 மீற்றர், தூரத்திலுள்ள பொருளிற் பட்டுத் தெறித்து மீள்வதற்கு அதற்கு வேண்டிய நேரம், ஒரு செக்கனைப் பத்து இலட்சம் பங்கிட்டால் அவற்றுள் ஏறக்குறைய 12 பங்கு மாத்திரமே. அனுப்பும் உறுப்பு சுழன்றுகொண்டே இருப்பதனால், எத்திசையில் எவ்வளவு தூரத்தில் என்பது திரையிலே புள்ளியாகத் தோன்றுகின்றது.

ராடார் யுத்தத்திற் பிறந்தது என்றே பலரும் எண்ணுகின்றனர். 1935 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் டவென்றியில் உவாற்சன்-உவாற்று என்பவர் ஆகாயவிமானத்திலிருந்து தெறிக்கும் அலைகளை உணர்ந்து காட்டியதும், 1940 இல் பேமிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் றண்டலும் பூற்றும் சிற்றலைகளை மிகுந்த வலுவோடு தோற்றுவிக்கும் மகனற்றன் குழாயை ஆக்கியதும் யுத்தத்தின் பொருட்டே. எமது திருகோணமலையிலும், 1942 ஆம் ஆண்டு ஏப்பிரல் 9 ஆந் திகதி யப்பானிய விமானங்கள் வருவதை முன்னறிந்து சொன்னது ராடாரே. ஆயினும் இவற்றுக்கெல்லாம் முன்னதாக, 1904 ஆம் ஆண்டிலே, ஹுல்ஸ்மயர் என்னும் ஜேர்மானியர் கொலோன் நகரில் ரைன் நதிப் பாலத்தருகே, வானொலி அலையினால் கப்பலின் வரவை அறியும் கருவியொன்றை இயக்கிக் காட்டினார். அவர் கருதியது பனியிலே கப்பல்கள் மோதாமற் காப்பதையே. அதனை வாங்குவார் அன்று இலர். ஆகவே, ஒரு சிறு வள்ளத்தின் பாய்மரத்தில் ராடாரைப் பூட்டுபவன், அக்கருவியை அதன் முதல் நோக்கத்துக்கே மீட்டுக் கொடுக்கின்றான் என்று சொல்லலாம்.

குளிர்காலத்தில் துறை உறைந்துவிடுமாதலால் அங்கே வள்ளங்களைக் கிறேன் கொண்டு கரையேற்றி வைப்பர். மைத்துனரின் வள்ளத்துப் பாய்மரமும் கழற்றப்பட்டு மரச்சட்டங்களின் மீது கிடந்தது. அது எமக்கு வாய்ப்பாயிற்று. மரத்தில் ஏறித் தொங்காமல் நிலத்தில் நின்றே வேலை செய்யலாமன்றோ? பெட்டியைத் திறந்தோம். கவிழ்த்து வைத்த சட்டி போன்ற வெண்ணிறக் கூடு ஒன்று. குறுக்களவு 45 சென்ரிமீற்றர். நிறை 6 கிலோகிராம். சுழலும் உறுப்பு அதனுள்ளே மறைந்திருந்தது.

எங்கே பூட்டுவது என்பதிலேயே முதல் வாதம் எழுந்தது. “உச்சியிற் பூட்டினால் அதிக தூரம் தெரியுமே, அத்தான்” என்றார் மைத்துனர். பூமி உருண்டையாதலால் உயரத்துக்கு ஏற்பப் பார்வை நீளும் என்பது உண்மையே. ஆனால் அது உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தே நீளும். 5 மீற்றர் உயரத்தில் ராடாரின் அடிவானம் ஏறக்குறைய 5 கடல்மைல். உயரத்தை இரட்டித்து 10 மீற்றராக்கினால் 10 கடல்மைல் ஆகாது, 7 கடல்மைலே ஆகும். வரும் கப்பலோ தானே உயரமானது. அதன் மேற்பகுதி அடிவானத்துக்கு அப்பாலிருந்தும் தெரியும். இச்சிறு ஆதாயத்துக்காக உச்சியிலே பாரத்தை ஏற்றினால் வள்ளம் தலைகனத்துச் சாயும். அருகிலுள்ள பொருள்களும் கற்றைக்குக் கீழே மறைந்துபோகும். காகிதத்திற் கணக்கிட்டு 6 மீற்றர் உயரமே போதும் என்று முடிவு செய்தோம்.

இனி, பாய்வள்ளத்துக்கே உரிய இடர் ஒன்றுண்டு. காற்றில் ஓடும்போது அது ஒருபுறம் சாய்ந்தே ஓடும். ராடாரின் அலைக்கற்றை மேலும் கீழுமாக 25 பாகை விரிவுடையது. வள்ளம் 20 பாகை சாயுமாயின், ஒருபுறக் கற்றை வானத்தையும் மறுபுறக் கற்றை நீரையும் நோக்கும். முகில்களுக்கிடையே கப்பலைத் தேடுவது போலாகும். சாயும்போது தானே சமன்செய்யும் தாங்கிகள் உண்டு, விலை அதிகம். பனி நாளிற் காற்றுக் குறைவாகவே இருக்கும். பாயை இறக்கி எஞ்சினில் ஓடினால் வள்ளம் நேராகவே நிற்கும் என்பதனால், சாதாரண தாங்கியையே பூட்டினோம்.

வேலையிலே நாம் விட்ட பிழைகளையும் சொல்லிவிடவேண்டும். பாய்மரம் அலுமினியத்தாலானது; தாங்கியின் ஆணிகள் கறைபிடியா உருக்கு. இவ்விரண்டும் ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டால் அலுமினியம் அரிக்கப்படும். அது எமக்கு நினைவிருந்தது. காவற்பசை பூசியே ஆணிகளை முடுக்கினோம். ஆனால் மின்கம்பியைப் பாய்மரத்தின் உட்குடைவுக்குள் வெறுமனே விட்டுவிட்டோம். பாயை ஏற்றும் கயிறுகளும் அதே குடைவுக்குள் ஓடுவன. “கயிறு தேய்த்துத் தேய்த்துக் கம்பியை அறுத்துவிடுமே” என்று பக்கத்து வள்ளக்காரர் சொன்ன பின்னரே விழித்துக்கொண்டோம். பூட்டிய அனைத்தையும் கழற்றி, உள்ளே ஒரு பிளாஸ்ரிக் குழாய் பொருத்தி, மீண்டும் கம்பியைச் செலுத்த ஒரு முழு நாள் கழிந்தது. அவர் வேறொன்றும் சொன்னார். பெரிய கப்பல்கள் தம் பெயரையும் வேகத்தையும் தாமே வானொலியில் அறிவிக்கும் கருவி இக்காலத்தில் உண்டு; அவ்வறிவிப்பைக் கைத்தொலைபேசியிலேயே பார்க்கலாம்; ராடார் எதற்கு என்றார். நல்ல கேள்வியே. ஆனால் அக்கருவி சொல்பவனையே காட்டும், சொல்லாதிருப்பவனைக் காட்டாது. பாறையும் மிதவையும் துடுப்புவள்ளமும் வாய்பேசுவதில்லை.

இரண்டாம் பிழை இன்னும் வெட்கத்துக்குரியது. பற்றரிக்கு அருகே உருகி வைத்து 12 வோல்ற்று மின்னிணைப்பையும் முடித்து, சுக்கான் பிடிப்பவர் பார்க்க வசதியாகத் திரையைத் திசைகாட்டியின் பக்கத்திற் பூட்டினோம். மருமகள் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “மாமா, வள்ளம் கரையிலே அசையாமல் நிற்கிறது. திசைகாட்டி மட்டும் ஏன் அசைந்தது?” என்று கேட்டாள். திரையின் உள்ளுறுப்புக்கள் காந்தஊசியை எட்டுப் பாகை திருப்பிவிட்டிருந்தன! காந்தவியல் படிப்பிப்பவர் செய்த காரியம் இது. மறுபேச்சின்றித் திரையைக் கழற்றித் தூரத்தே மாற்றினோம்.

மே மாதத் தொடக்கத்தில் வள்ளம் நீரில் இறங்கிற்று. பாய்மரத்தை நிறுத்தியபின், துறைக்கு வெளியே உள்ள மிதவை ஒன்றை நேரே முன்னால் வைத்து, திரையில் அதன் புள்ளியும் நேரே முன்னால் விழும்படி திருத்தினோம். கண்ணும் கருவியும் ஒன்றையே சொல்லவேண்டுமன்றோ? மைத்துனர் பெருமூச்சு விட்டார். “இனிக் கப்பற்காரர் எங்களைக் காண்பார்கள்” என்றார்.

“இல்லை, தம்பி. இனி நீர் அவர்களைக் காண்பீர். அவர்கள் உம்மைக் காண்பார்கள் என்பதற்கு இதில் ஒன்றுமில்லை” என்றோம்.

இதனைப் பலரும் மயங்கிக்கொள்ளுகின்றனர். கண் வைத்துக்கொண்டவன் பிறர்க்குத் தெரியும் விளக்காகிவிடுவதில்லை. மரமும் பைபர்கிளாசும் ராடார் அலைகளை நன்கு தெறிக்கமாட்டா; பெரிய கப்பலின் திரையில் சிறு வள்ளம் அலைகளோடு அலையாகக் கரைந்துவிடும். இதற்கு மருந்து மிக மலிவானது. மூன்று உலோகத் தகடுகளை ஒன்றுக்கொன்று செங்குத்தாகப் பொருத்தினால் உண்டாகும் மூலைகள், எத்திசையில் வரும் அலையையும் வந்த வழியே திருப்பி அனுப்பும். அத்தகைய தெறிகருவி ஒன்று அவ்வள்ளத்திலே இருக்கத்தான் செய்தது: மடித்தபடி, கயிற்றுச் சுருள்களுக்கு அடியில்! அதனை எடுத்து விரித்துப் பாய்மரத்தில் உயரக் கட்டுவித்தோம். முந்திய ஆண்டில் அது அங்கே தொங்கியிருந்தால் அந்தக் கப்பல் ஒருவேளை விலகிச் சென்றிருக்கும்.

அதன்பின் மூன்று வாரங்கள் தெளிந்த நாள்களிலேயே பழகினோம். பனி வரும் நாளிலே பழகத் தொடங்குபவன், பரீட்சை மண்டபத்திலே புத்தகத்தை முதன்முறை திறப்பவனை ஒப்பான். திரையில் ஒரு புள்ளியைக் காண்பது, பின்னர் தலைநிமிர்ந்து அது என்ன என்று கண்ணால் உறுதிசெய்வது, இதுவே பாடம். கருவியின் குறைகளையும் அப்பொழுதுதான் கற்றோம். அதன் கற்றை பக்கவாட்டில் 5 பாகை அகலமுடையது. ஒரு கடல்மைல் தூரத்தில் அது ஏறக்குறைய 160 மீற்றர் அகலமாகும். ஆதலால் துறைவாயிலின் இரு அணைகளும் தூரத்திலே ஒரே சுவராகத் தெரிந்தன. அண்மையில் வந்தபோதே வாயில் திறந்தது. அலைகள் தாமும் எதிரொலி தருவதனால் திரையின் நடுப்பகுதி மணல் தூவினாற்போல் இருக்கும். அதனைத் துடைப்பதற்கு ஒரு திருகு உண்டு. காற்று வீசிய ஒருநாள் நாம் அதனை மிகுதியாகத் திருப்பினோம். மணல் மறைந்து திரை கண்ணாடி போலாயிற்று. “எவ்வளவு வடிவாக இருக்கிறது!” என்று நாமே மெச்சிக்கொண்டோம்.

எல்லாவற்றிலும் முதன்மையான பாடத்தை மருமகளுக்குப் படிப்பித்தோம். திரையில் தோன்றும் கப்பற்புள்ளியின் மீது ஒரு கோட்டை வைக்கவேண்டும். சில நிமிடங்கள் பொறுத்துப் பார்க்கவேண்டும். புள்ளி கோட்டை விட்டு விலகினால் கப்பல் எமக்கு முன்னாலோ பின்னாலோ கடந்துபோகும். புள்ளி கோட்டின் மீதே ஊர்ந்து நடுவை நோக்கி வருமாயின், மோதுவதற்கே வருகின்றது. எமது வள்ளம் மணிக்கு 5 கடல்மைல். எதிரே வரும் கப்பல் 12 கடல்மைல் என்று கொள்ளுங்கள். பனியிலே 100 மீற்றர் தூரத்தில் அதனைக் கண்ணாற் கண்டால் எமக்குக் கிடைப்பது 11 செக்கன். 6 கடல்மைலில் ராடாரிற் கண்டால் கிடைப்பது 21 நிமிடம். ஆனால் அந்த 21 நிமிடங்களும் பார்ப்பவனுக்கு மாத்திரமே உரியன. கண்டும் கருதாதவனுக்கு உரியன அல்ல. 1956 ஆம் ஆண்டு யூலை 25 ஆந் திகதி, அமெரிக்காவின் நன்ரக்கெற் தீவுக்கு அப்பால், ‘அந்திரேயா டோரியா’ என்னும் இத்தாலியக் கப்பலும் ‘ஸ்ரொக்ஹோம்’ என்னும் சுவீடன் கப்பலும் மோதி 51 பேர் மாண்டனர். இரண்டிலும் ராடார் இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று திரையிலே முன்னதாகவே கண்டிருந்தன.

யூன் மாத இறுதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. போர்ட் டல்ஹூசிக்குப் போய் ஓர் இரவு தங்கி, நாம் மூவரும் திரும்பிக்கொண்டிருந்தோம். இரண்டு மணி நேரம் ஓடியிருப்போம். முதலில் கரை மறைந்தது. பின்னர் அடிவானம் மறைந்தது. பின்னர் எமது வள்ளத்தின் அணியமே மங்கலாயிற்று. பாயை இறக்கி எஞ்சினை இயக்கினோம். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை நீண்ட ஊதல் ஒன்றை ஊதுவது எமது பணி. மருமகள் திரையின் முன் ஒரு கொப்பியும் பென்சிலுமாக அமர்ந்தாள்.

5 கடல்மைலில், முன்புறத்து வலப்பக்கமாக, தடித்த புள்ளி ஒன்று தோன்றியது. அவள் கோட்டை வைத்தாள். மூன்று நிமிடங்களுக்குப் பின் தூரம் 4.3, மேலும் மூன்று நிமிடங்களுக்குப் பின் 3.6. மைத்துனர் எட்டிப் பார்த்தார். “இன்னும் தூரம் இருக்கிறது. விலகிவிடும்” என்றார். அவர் குரலில் உறுதியைக் காட்டிலும் விருப்பமே மிகுந்திருந்தது.

“அப்பா, அது கோட்டை விட்டு விலகவில்லை” என்றாள் அவள்.

அவர் மகளைப் பார்த்தார்; கொப்பியைப் பார்த்தார். பின்னர் ஒரு சொல்லும் பேசாமல் சுக்கானை வலப்புறம் திருப்பினார். சிறிதாக அன்று, கப்பலின் திரையிலும் ஐயமின்றித் தெரியும்படி 60 பாகை திருப்பினார். புள்ளி கோட்டை விட்டு மெல்ல மெல்ல நழுவி இடப்புறம் சென்றது. சற்றுப் பொறுத்து ஓர் ஊதல் கேட்டது; அதன்பின் நீரினூடாக ஒரு பெரிய எஞ்சினின் அதிர்வு காலடியில் உணரப்பட்டது. ஒரு கடல்மைலுக்கு அப்பால் அது கடந்து போயிற்று. நாம் அதனைக் காணவேயில்லை. மைத்துனரின் கை சுக்கானிலிருந்து எடுபடச் சிறிது நேரம் ஆயிற்று.

கதை இவ்வளவில் முடிந்திருந்தால் கருவியின் புகழ் பாடிவிட்டு எழுந்துவிடலாம். முடியவில்லை. வடகரையை அணுகியபோது பனி இன்னும் தடித்திருந்தது. திரையிலே துறைவாயில் தெளிவாகத் தெரிந்தது. இடையில் ஒரு தடையுமில்லை. நாம் ஆறுதலாகத் தேநீர்ப் போத்தலைத் திறந்தோம். முன்னே அணியத்திற் போய் அமர்ந்திருந்த மருமகள் திடீரெனக் கையை உயர்த்தினாள்.

“அப்பா, யாரோ இருமுகிறார்கள்!”

மைத்துனர் எஞ்சினைப் பின்னோக்கி இயக்கினார். வள்ளம் நின்றது. எமக்கு முன்னே, மூன்று வள்ள நீளத் தூரத்திலே, சிறிய துடுப்புவள்ளம் ஒன்றில் முதியவர் இருவர் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தனர். ஒருவர் மீண்டும் இருமினார். மற்றவர் எம்மைப் பார்த்துக் கையசைத்தார். தாம் எதிலிருந்து தப்பினர் என்பது அவர்களுக்குத் தெரியாது.

நாம் திரையைப் பார்த்தோம். அங்கே அவர்கள் இல்லை. அப்பொழுதுதான் நினைவு வந்தது: காற்று வீசிய அன்று, படம் அழகாக இருக்கவேண்டும் என்று மிகுதியாகத் திருப்பிய அந்தத் திருகை நாம் மீட்டும் குறைக்கவில்லை. நடுங்கும் விரலால் அதனைக் குறைத்தோம். மணல் தூவினாற்போன்ற புள்ளிகள் திரும்பி வந்தன. அவற்றின் நடுவே, ஒருமுறை தோன்றி ஒருமுறை மறைந்து, மங்கலாக ஒரு சிறு புள்ளி. அவ்விரு முதியவரும் அதுதான்.

அன்றிரவு நெடுநேரம் உறக்கம் வரவில்லை. பிழை கருவியினுடையதன்று. அது கண்டதைக் காட்ட ஆயத்தமாகவே இருந்தது. குப்பையென்று எண்ணி அதன் வாயை அடைத்தவர் நாமே. மெல்லிய உண்மைகள் எப்பொழுதும் இரைச்சலோடு கலந்தே வருகின்றன. இரைச்சலை முற்றாகத் துடைக்க விரும்புபவன் அவற்றையும் சேர்த்தே துடைத்துவிடுகின்றான். எமது வகுப்பறையும் நினைவுக்கு வந்தது. ஊசி விழுந்தால் ஓசை கேட்கும் வகுப்பு என்று இருபது ஆண்டுகளாகப் பெருமைப்பட்டிருக்கின்றோம். அந்த அமைதியில், பின்வாங்கில் இருந்து மெல்ல எழ இருந்த எத்தனை கேள்விகளை அடக்கியிருப்போம்? ஊர் திரும்பிய பின்னர் எமது வகுப்பிலே சற்று இரைச்சல் கூடியிருக்கின்றது. அதிபர் ஒருமுறை எட்டிப் பார்த்தார். நாம் அதனைக் குறைக்கவில்லை.

1972 ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டு 1977 இல் நடைமுறைக்கு வந்த சர்வதேச மோதல் தடுப்பு விதிகள், கண்ணாலும் காதாலும் கிடைக்கக்கூடிய ஏனைய வழிகள் அனைத்தாலும் இடையறாது காவல் செய்யவேண்டும் என்று பணிக்கின்றன; அரைகுறைச் செய்தியைக் கொண்டு, சிறப்பாக ராடாரின் அரைகுறைச் செய்தியைக் கொண்டு, முடிவு செய்தலாகாது என்றும் விலக்குகின்றன. கண்ணும் காதும் முதலிற் கூறப்பட்டமையின் காரணம் எமக்கு அன்றுதான் விளங்கிற்று. எமது நாட்டிலும், தெவிநுவர முனைக்குத் தெற்கே உலகின் பெருங்கப்பல்கள் இரவும் பகலும் செல்லும் பாதையருகே, பைபர்கிளாஸ் வள்ளங்களிலே தொழில் செய்வோர் பலர். ராடார் வாங்க எல்லோராலும் இயலாது. ஆயினும் மூன்று தகடுகளாலான தெறிகருவி ஒன்றைக் கம்பில் உயரக் கட்டுதல் பெருஞ்செலவன்று. மாணவர்கள் அதனைத் தாமே செய்தும் பார்க்கலாம். தகடுகள் செங்குத்தாகப் பொருந்தவேண்டும் என்பதை மாத்திரம் மறவாதிருப்பார்களாக.

அன்று மாலை வீட்டை அடைந்தபோது மாமி வாசலிலே காத்திருந்தார். நடந்ததை இம்முறை ஒருவரும் மறைக்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் பேத்தியைப் பார்த்து, “அந்தக் கண் இருந்தால் இனிப் பயமில்லைத்தானே?” என்றார்.

அவள் சற்று யோசித்தாள்.

“கொஞ்சம் பயம் இருக்கவேண்டும், அப்பம்மா. பயம் இருந்தால்தான் காது கேட்கும்.”

மாமி அவள் தலையைத் தடவினார். பின்னர் மகனிடம் திரும்பி, “இனி இவளையும் கூட்டிக்கொண்டே போ” என்றார்.